காலை பஸ்ஸில் ஒரு பறவை

ஒரு கவிதையை எப்படி ஆராய்வது என்று ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வடிவம், படிமம், பொருள் என்று கரும்பலகையில் மூன்று தலைப்புப் போட்டு, மூன்றின் கீழும் கோடு கிழித்து, பரீட்சையில் எதற்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்பது வரைக்கும் சொன்னார்கள். அதையே பிறகு நானும் வேலையில் இருந்த காலமெல்லாம் அருப்புக்கோட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன். ஆனால் கவிதை ஆராய்ச்சி என்றால் என்னவென்று நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். எழுபதுகளின் தொடக்கத்தில், திருச்சுழியில், என் கல்யாணப் பந்தலில் அது நடந்தது. கழுத்தில் மாலையும் வயிற்றில் பசியுமாக நான் மணமேடையில் உட்கார்ந்திருக்க, ஆறே வரிக் கவிதை ஒன்றைப் பந்தல் சனம் முழுக்கச் சேர்ந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டது. அப்படி ஒரு ஆராய்ச்சியை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பண்ணியிருக்க மாட்டார்கள்.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு கவிஞர்கள் இருந்தார்கள். ஒரு அறைக்கு ஒரு கவிஞரே அதிகம், எங்களுக்கு இரண்டு பேர் வாய்த்திருந்தார்கள். ஒருவர் மூத்த தமிழாசிரியர். அவரை எல்லாரும் ஐயா என்போம். பஞ்சகச்சம் மாதிரி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் விருத்தத்தில் பாடுவார். இன்னொருவர் சரித்திர வாத்தியார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். தாடி, தோளில் ஜோல்னாப் பை, பையில் யாருக்கும் கிடைக்காத சின்னப் பத்திரிகைகள். அவர் எழுதுவது புதுக்கவிதை.

இடைவேளை மணி அடித்ததும் இரண்டு பேருக்கும் சண்டை தொடங்கிவிடும். "ஒத்தை வரியை ஒடிச்சு அஞ்சு வரியா அடுக்கினாக் கவிதையா தம்பி? எதுகை எங்கே, மோனை எங்கே, தளை எங்கே?" என்பார் ஐயா. "தளைன்னா விலங்கு, ஐயா. நாங்க அதை உடைச்சிட்டு வந்தவங்க" என்பார் சரித்திரம். "உடைச்சது தெரியுது. அதுக்குள்ள ஒண்ணுமில்லேன்னும் தெரியுது" என்பார் ஐயா. நான் நடுவில் உட்கார்ந்து கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். கவிதைக்கு அர்த்தம் கேட்கக்கூடாது என்பது சரித்திர வாத்தியாரின் கொள்கை. எழுதின பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்பது இன்னொரு கொள்கை. இந்த இரண்டு கொள்கைகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தலில் தேவைப்படும்.

கல்யாணம் என்றால் எங்கள் பக்கம் வாழ்த்து மடல் இல்லாமல் நடக்காது. கூட வேலை பார்ப்பவர்கள் காசு போட்டு, ரோஸ் கலர் தாளில், சுற்றிலும் பூ பார்டர் வைத்து, தலையில் இரண்டு கைகள் கோத்துக்கொண்டிருக்கிற அச்சு பிளாக்கை வைத்து, ஒரு பாட்டை அச்சடிப்பார்கள். ஒரு பிரதிக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி போடுவதற்கு முன்னால், எழுதினவரே மைக்கில் வாசித்துச் சட்டத்தை மாப்பிள்ளை கையில் கொடுப்பார். மிச்சப் பிரதிகளைக் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். சனங்கள் அதில் வெற்றிலையை மடித்துக்கொண்டு போவார்கள்.

ஐயாவிடம் இதற்கென்று ஒரே ஒரு எண்சீர் விருத்தம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணமானாலும் அதே விருத்தம்தான். அதே மதிமுகம், அதே மீன்விழி, அதே மூங்கில் தோள். பெயரை மட்டும் எடுத்துவிட்டு வேறு பெயரைப் போடுவார். என் கஷ்டம், என் பெயர் அவருடைய சீருக்குள் அடங்கவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரை மாத்திட்டேம்மா. பொருள் ஒண்ணுதான்" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஆக, என் கல்யாணத்தில் ஐயாவின் வாழ்த்து வேறு எவளுக்கோ போய்ச் சேர்ந்தது. வடிவம் என்பது எவ்வளவு கண்டிப்பானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போது என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலையை விட மனசில்லை. படித்து, பயிற்சி முடித்து, அப்பாவிடம் அழுது சண்டை போட்டு வாங்கின வேலை. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீடு திருச்சுழியில் மரக்கடை வைத்திருந்தது. நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் செய்து விற்பார்கள். மாப்பிள்ளையும் கடையில்தான் இருந்தார். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் காலையில் பஸ் இருந்தது, சாயங்காலம் திரும்பி வரவும் பஸ் இருந்தது. போய் வருவதில் ஒரு சிரமமும் இல்லை. பேச்சு முடிக்க வந்தபோது அப்பா மெல்ல ஆரம்பித்தார்: "பிள்ளை வேலை பாக்குது. கல்யாணத்துக்கு அப்புறமும் பாக்கணும்னு ஆசைப்படுது."

மாப்பிள்ளையின் அப்பா, அதாவது எனக்கு வரப்போகிற மாமா, வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "அதுக்கென்ன, பாத்துக்கிடுவோம்" என்றார்.

தமிழில் எத்தனையோ கவிதைகளுக்கு உரை எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தைக்கு இதுவரை எவரும் உரை எழுதவில்லை. வடிவம் சின்னது. படிமம் கிடையாது. பொருள் மட்டும் அள்ள அள்ள வரும். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வாயை மூடு என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்பா சரி என்று எடுத்துக்கொண்டார். நான் தமிழ் டீச்சர் இல்லையா, எனக்கு மூன்றும் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் மேனேஜர் வேறு, "திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டாப் போட்டது. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவோம்" என்று சொல்லியிருந்தார். அந்த வேற ஆள் அவருடைய கொழுந்தியா மகள். பயிற்சி முடித்துவிட்டு எப்போது நான் ஒழிவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் வெள்ளிக்கிழமை.

எங்களில் அப்போது மாப்பிள்ளை வீட்டில்தான் கல்யாணம். வாசலை அடைத்துப் பந்தல். வேப்ப மரத்தில் கிழக்கே ஒன்று மேற்கே ஒன்றாகக் குழாய் ஸ்பீக்கர். எங்களுக்காகப் புதிதாக ஒரு அறை கட்டியிருந்தார்கள். அந்த அறைக்கென்று மாமா நல்ல தேக்கில் இரட்டைக் கதவு ஒன்று செய்து வைத்திருந்தார். தாமரை செதுக்கி, பித்தளைக் குமிழ் அடித்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை மாட்டாமல், பந்தல் வாசலில் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார். கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் நாளைக்கு வீடு கட்டப் போகிறவர் என்பது மாமாவின் நம்பிக்கை. வந்தவர்கள் மொய் எழுதுவதற்கு முன்னால் கதவைத் தட்டிப் பார்த்து விலை கேட்டார்கள். மணப்பெண்ணைவிட அன்று அந்தக் கதவைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

தாலி ஏறியது. ஐயா எழுந்து விருத்தத்தை ராகம் போட்டுப் பாடினார். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாருக்கும் மனப்பாடம். முன்வரிசையில் ஒருவர் அடுத்த வரியை ஐயாவுக்கு முன்னாலேயே முணுமுணுத்தார். மதிமுகத்துக்கு ஒரு கொட்டாவி, மூங்கில் தோளுக்கு ஒரு வெற்றிலை. மரபுக் கவிதையில் இது ஒரு சௌகரியம். காதில் விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பிறகு சரித்திர வாத்தியார் தன் பங்குக்கு அச்சடித்துச் சட்டம் போட்ட மடலோடு எழுந்தார். தாடியைத் தடவிக்கொண்டு மைக்கை ஒரு தட்டுத் தட்டினார். என் ஆசையை அவர் அறிவார். அதற்காகத்தான் எழுதியிருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. அவர் வாசித்தது இவ்வளவுதான்:

காலை பஸ்ஸில்
ஒரு பறவை போகும்.
மாலை பஸ்ஸில்
அதே பறவை வரும்.
தயவுசெய்து
கூட்டுக்குக் கதவு வைக்காதீர்கள்.

வாசித்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். கைதட்டலுக்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கூட்டத்துக்கு அவர் ஏன் நிற்கிறார் என்று புரியவில்லை.

"முடிஞ்சு போச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மைக்கு செட்டுல கோளாறு. மிச்சப் பாட்டைக் காணோம்" என்றார் இன்னொருவர். செட்டுக்காரர் ரோஷத்தோடு எழுந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

மாமா மட்டும் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். "தம்பி, கடைசி வரியை இன்னொருக்காப் படிங்க."

ரசிகர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று சரித்திரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் உருகி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வாசித்தார். "கூட்டுக்குக். கதவு. வைக்காதீர்கள்." இரண்டு குழாயும் அதை ஊர் முழுக்கச் சொல்லி முடித்தன. பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பி, மாலை போட்டு நின்ற கதவைப் பார்த்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. கதவு விற்கிறவர் வீட்டுக் கல்யாணத்தில், கதவுக்கே மாலை போட்டு நிறுத்தியிருக்கிற பந்தலில், கதவு வைக்காதீர்கள் என்று மைக் போட்டுச் சொல்ல இந்த மனுஷனால்தான் முடியும். இத்தனைக்கும் அந்தக் கதவை உரசிக்கொண்டுதான் பந்தலுக்குள் வந்திருக்கிறார். கவிஞர்களுக்குக் கண்ணில் படுவதெல்லாம் மனசில் படாது போலிருக்கிறது.

"நம்ம யாவாரத்தைக் கெடுக்கதுக்குன்னே எழுதுன மாதிரில்ல இருக்கு" என்றார் மாமா. குரல் அடங்கித்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி சூடு பிடித்தது. மாமாவின் மைத்துனர் ஒருவர், பெரிய விவரஸ்தர் என்று பேர் வாங்கினவர், எழுந்து நின்றார். "கதவை விடுங்க மச்சான். மொத வரியைப் பாருங்க. பறவைங்கான். பறவைக்குத்தான் றெக்கை இருக்குல்ல? அது எதுக்குப் பஸ்ஸுல போகுது?"

நியாயமான கேள்விதானே.

"றெக்கை ஒடிஞ்ச பறவைதான் பஸ்ஸுல போகும்" என்று அவரே முடித்தார். "பொண்ணுக்குக் கையிலயோ கால்லயோ என்னமோ கொறை இருக்கு. நம்மகிட்ட மறைச்சுட்டாக. கூட வேலை பாக்குறவனுக்கு மனசு கேக்கலை, பூடகமாச் சொல்லுறான்."

சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு பொம்பளைகள் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி முழங்கையை அமுக்கி, "நோவுதா?" என்று கேட்டாள். மனசுதான் நொந்தது. படிமத்தை இப்படி எலும்பு வரைக்கும் போய்ப் பார்த்தவர்களை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

"கையி நல்லாத்தான் இருக்கு" என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னதும், பின்வரிசையிலிருந்து வேறு விளக்கம் வந்தது. பறவை என்றால் பறந்துவிடும் என்று அர்த்தமாம். பெண் ஒரு நாளைக்கு ஓடிப்போய்விடுவாள் என்று எச்சரிக்கிறாராம். "அதான் சாயங்காலம் வந்துருதுன்னு பாட்டுல இருக்கே" என்று ஒரு நல்ல ஆத்மா எடுத்துக் கொடுத்தது. "அதே பறவைன்னு அழுத்திச் சொல்லுறானே, அதுல என்னமோ இருக்கு" என்றார் விவரஸ்தர்.

இந்தச் சத்தத்தில் சமையல் கொட்டகையிலிருந்து என் மாமியார் கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். விடிய முன்னே எழுந்து அடுப்படியில் நின்றவர். மகன் தாலி கட்டும்போது வந்து அட்சதை போட்டுவிட்டு உடனே திரும்பிப் போய்விட்டார். "என்ன சொல்லுறாக? பந்தியப் போடவா வேண்டாமா?" என்று கேட்டார். "பாட்டுக்கு அர்த்தம் பாத்துக்கிட்டு இருக்கோம். உனக்குப் புரியாது, போ" என்றார் மாமா. அத்தை கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பினார்.

மாமா நேரே சரித்திரத்திடம் வந்தார். பின்னால் மரக்கடையில் ரம்பம் இழுக்கிற ஆட்கள் நாலைந்து பேர், சும்மா நின்றார்கள். "தம்பி, எழுதுனது நீங்க. நீங்களே சொல்லுங்க. என்ன அர்த்தம்?"

"கவிதைக்கு அர்த்தம்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றார் சரித்திரம். "அது ஒரு அனுபவம்."

"யாருக்கு?"

சரித்திரம் ரம்பக்காரர்களின் தோளைப் பார்த்தார். அந்தப் பறவை இந்தப் பெண்தான், இவள் வேலைக்குப் போக வேண்டும், விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தானே எழுதினார். தளையை உடைத்துக்கொண்டு வந்த மனுஷன் ஜோல்னாப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது யாரோ, "தமிழய்யாவைக் கேளுங்கப்பா" என்றார்கள். ஐயா எழுந்தார். அவர் முகம் சமையல் கொட்டகைப் பக்கமே திரும்பியிருந்ததை நான் பார்த்தேன். சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது. மைக்கைக் கையில் வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"முதற்கண், இது கவிதையே அன்று" என்று தொடங்கினார். பந்தலில் ஒரு நிம்மதி. "இருப்பினும், பொருள் காண்போம். பறவை என்பது விருந்தினர். காலையில் ஒரு விருந்து செல்லும், மாலையில் ஒரு விருந்து வரும். கூடு என்பது பெரியவருடைய இந்த இல்லம். வருவோர்க்கெல்லாம் எந்நேரமும் திறந்தே கிடக்கும் வள்ளல் வீட்டுக்குக் கதவு எதற்கு என்று தம்பி வியக்கிறார்."

"அப்பம் பஸ்ஸு?" என்றார் விவரஸ்தர், விடாமல்.

"பஸ் என்பது காலம்" என்றார் ஐயா, கண் இமைக்காமல்.

ஆகா என்று ஒரு முனகல் பந்தலைச் சுற்றி வந்தது. வள்ளல் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமாவின் நெற்றிச் சுருக்கம் மறைந்தது. ஆசிரியர் அறையில் அந்தக் கவிதைக்கு எதுகை இல்லை என்று காறித் துப்பியிருக்கக்கூடிய ஐயா, ஒரு வாழை இலைக்காக அதில் இல்லாத வள்ளலையெல்லாம் கொண்டுவந்து இறக்கினார். சரித்திரம் கண்ணில் நீர் வராத குறையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மாமா கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார். "அப்பம் பறவைங்கது பொண்ணு இல்லை?"

"இல்லவே இல்லை."

"பொண்ணு வேலைக்குப் போறதப் பத்தி இந்தப் பாட்டுல ஒண்ணும் வரலை?"

"எள்ளளவும் இல்லை" என்றார் ஐயா. "தாங்கள் எவ்வாறு நினைக்கிறீர்களோ அவ்வாறே."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் மாமா. "பந்தியப் போடுங்கடா."

போயிற்று என் வேலை. திங்கட்கிழமை மேனேஜருடைய கொழுந்தியா மகள் என் நாற்காலியில் உட்காருவாள். நான் இங்கே வள்ளல் வீட்டில் விருந்தினருக்கு இலை எடுத்துக்கொண்டிருப்பேன். ஒருத்தர் பயத்தில் வாயை மூடிக்கொண்டார், இன்னொருத்தர் பசியில் வாயைத் திறந்தார், இரண்டுக்கும் நடுவில் என் பிழைப்பு போனது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஐயா மைக்கைக் கீழே வைக்க இடம் தேடி மேடை ஓரத்தில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். எடுத்தேன்.

"அந்தப் பறவை நான்தான்" என்றேன்.

இரண்டு குழாயும் அதைக் கிழக்கேயும் மேற்கேயும் சொல்லின. என் குரலை அவ்வளவு பெரிதாக நானே அதுவரை கேட்டதில்லை. பின்னாலிருந்து அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். கிள்ளினதில் குரல் இன்னும் ஏறிவிட்டது. "திங்கக்கிழமை காலை பஸ்ஸுல பள்ளிக்கூடத்துக்குப் போவேன். சாயங்காலப் பஸ்ஸுல வந்துருவேன். பாட்டுல இருக்கது அவ்வளவுதான். வேற அர்த்தம் கிடையாது."

இலை போடப் போனவர்கள் இலையோடு நின்றார்கள். மணப்பெண் பேசி எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை, அதுவும் மைக்கில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்தவாக்கில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மொதப் பஸ்ஸா, ரெண்டாவது பஸ்ஸா?" என்று கேட்டார். "மொதப் பஸ்ஸு" என்றேன். தலையாட்டிக்கொண்டார். இந்த ஆளோடு பிழைத்துக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

மாமா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு சனத்துக்கு முன்னால் முடியாது என்று சொன்னால் இப்போதுதான் கிடைத்த வள்ளல் பட்டம் போய்விடும். சரி என்றால் கதவு போய்விடும். அவர் வியாபாரி. இரண்டையும் விடாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஏன் தம்பி" என்று சரித்திரத்தைக் கேட்டார். "கதவுங்கிற எடத்துல தாழ்ப்பாள்னு போட்டாப் பாட்டுக்கு எதுவும் கெட்டுப்போகுமா?"

ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்ற கொள்கைக்காரர் எழுந்து நின்று, "தாராளமாப் போடலாங்க. இன்னும் நல்லாருக்குங்க" என்றார்.

தாழ்ப்பாள், கொண்டி, கீல் எல்லாம் விற்கிற இரும்புக் கடைக்காரர் மாமாவுக்குப் பங்காளி. கடைக்கு எதிர்க் கடை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஊருக்காக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மாமாவுக்குத் திருப்தி. "இந்த வீட்டுல கதவு உண்டு, தாழ்ப்பாள் கெடையாது. போறவுக போகட்டும், வாரவுக வரட்டும்" என்று மைக்கில் அறிவித்தார். ஐயா சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, சரித்திரத்தின் கவிதைச் சட்டத்தைப் பிரித்து, கதவு என்ற சொல்லை அடித்துத் தாழ்ப்பாள் என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடினார்.

எங்கள் அறைக்கு மறுநாளே அந்தக் கதவை மாட்டினார்கள். சொன்ன சொல்லுக்காகத் தாழ்ப்பாள் வைக்கவில்லை. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எந்த விமர்சகருக்கும் தோன்றவில்லை. ஒரு அம்மிக்கல்லை உருட்டி வைத்துச் சமாளித்தோம். அதையும் மீறி ஒரு வெள்ளாடு உள்ளே வந்து என் கல்யாண மாலையைத் தின்றுவிட்டுப் போனது. நவீனக் கவிதை வாழ்க்கைக்கு வந்தால் இப்படித்தான்.

திங்கட்கிழமை இருட்டோடு எழுந்தேன். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு. அடுப்படியில் வெளிச்சம் தெரிந்தது. எனக்கு முன்னால் அத்தை எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, தூக்குவாளியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். நான் தயங்கிக்கொண்டு, "நான் பண்ணியிருப்பேனே அத்தை" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றார் அத்தை. தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"எந்தப் பாட்டு?"

"பஸ்ஸுல பறவை போற பாட்டு. குழா நல்லா எடுத்துச்சு, அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கோபமாகவும் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. "காலையில போகுதுன்னான், சாயங்காலம் வருதுன்னான். நடுவுல கூட்டுல யாரு கெடக்கான்னு ஒருத்தனும் கேக்கலையே. நான்தானே கெடக்கேன்."

விவரஸ்தர் கேட்கவில்லை, ஐயா கேட்கவில்லை, எழுதினவருக்கே தோன்றவில்லை. அந்தப் பறவை நான்தான் என்று மைக்கைப் பிடித்துக் கத்தினேனே, எனக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் போகும்போது மடியில் தூக்குவாளி சுட்டுக்கொண்டே வந்தது. அருப்புக்கோட்டை வரைக்கும் அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும்.

அந்த வாரம் சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் நான் எழுந்து வந்தபோது அத்தை குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலையில் பூ வைத்திருந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் பூ வைத்து நான் பார்க்கவில்லை.

"சோறு வடிச்சு வச்சுரு. நான் போயிட்டு வாரேன்" என்றார்.

"எங்க அத்தை?"

"சும்மாதான். பஸ்ஸுல போயிட்டு, பஸ்ஸுல வரப் போறேன்."

வாசலில் நின்று பார்த்தேன். பஸ் நின்றது, அத்தை ஏறினார், ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. போங்க அத்தை, நல்லாப் போயிட்டு வாங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உலை வைக்கப் போனேன்.

மத்தியானம் மாமா கடையிலிருந்து சாப்பிட வந்தார். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர், சோறு போட என்னைப் பார்த்ததும் இலையை விட்டுத் தலையைத் தூக்கினார்.

"எங்க உங்க அத்தை?"

"காலை பஸ்ஸுல போயிட்டாங்க, மாமா."

"பஸ்ஸுலயா? எங்க? யாரைக் கேட்டுப் போனா?"

நான் சோற்றைப் போட்டேன். மாமா கொஞ்ச நேரம் தாழ்ப்பாள் இல்லாத கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேலே சுவரில், சிவப்பு மையில் திருத்தின கவிதை சட்டத்துக்குள் தொங்கியது. பிறகு, இதுவரைக்கும் அவரிடம் நான் கேட்டிராத சின்னக் குரலில், "சாயங்காலம் வந்துருவாளா?" என்று கேட்டார்.

"பாட்டுல அப்படித்தான் இருக்கு, மாமா" என்றேன்.